பொத்தானுக்கு அப்பால்



நேற்று மாலை முதல் இன்று காலை வரையில் உங்கள் வீட்டில் எத்தனை முறை சுவிட்சைத் தட்டினீர்கள் என்று கேட்டால், உங்களால் விடை கூற இயலாது. விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது, கைபேசி மின்னூட்டம் பெற்றது. எரிகிறதா, சுழல்கிறதா என்று நீங்கள் நின்று பார்த்திருக்கவும் மாட்டீர்கள். தட்டினால் எரியும் என்பதில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கை நல்லதுதான். ஆயினும் அதன் காரணமாகவே, சுவருக்குப் பின்னே நடப்பது யாது என்னும் கேள்வி மெல்ல மெல்ல நம் மனத்தை விட்டு அகன்றுவிட்டது. அக்கேள்வி அகன்றதனால் ஒரு வீட்டில் நேர இருந்த தீங்கு ஒன்றை நான் கண்ணாரக் கண்டேன். அதிலிருந்தே என் பேச்சைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முதல் நாள் மாலை, என் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வாசல் ஈரம் அடுக்களை வரையில் வந்திருந்தது. தங்கை வடைக்கு ஊறவைத்த உளுந்தைக் கிரைண்டரில் இட்டுச் சுவிட்சைப் போட்டாள். உடனே வீடு முழுவதும் இருண்டது.

அவளுடைய மகன் அப்போது பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தான். வகுப்பில் முதல் சில இடங்களுக்குள் வருபவன். அவன் மீட்டர் பெட்டியண்டை சென்று, கீழே விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளினான். விளக்குகள் எரிந்தன. கிரைண்டரைப் போட்டதும் மீண்டும் இருள். மூன்று முறை இவ்வாறே நிகழ்ந்தது. பிறகு அவன் கூடத்திலிருந்து இரண்டே கம்பிகள் உள்ள ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கொணர்ந்து, அதன் வழியே கிரைண்டருக்கு இணைப்புக் கொடுத்தான். இம்முறை விளக்கு அணையவில்லை. கிரைண்டர் நன்றாகவே ஓடியது.

“பார்த்தீர்களா மாமா! கிரைண்டரில் ஒரு குறையும் இல்லை. இந்த டிரிப் ஆகும் பெட்டிதான் வீண் தொந்தரவு. பண்டிகை கழிந்ததும் எலக்ட்ரீசியனை அழைத்து, இதைக் கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்லிவிடுகிறேன்” என்றான்.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே என் தங்கை, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றபடி, ஓரத்தில் ஒட்டிய மாவைத் தள்ளிவிடக் கையை நீட்டினாள். நான் கூவி அவளைத் தடுத்துவிட்டுச் சுவிட்சை அணைத்தேன். எல்லாரையும் விலகி நிற்கச் சொல்லி, மீண்டும் போட்டு, கிரைண்டரின் எவர்சில்வர் உடலை டெஸ்டரின் நுனியால் தொட்டுக் காட்டினேன். டெஸ்டரின் சிறு விளக்கு சிவந்து ஒளிர்ந்தது. மருமான் அதைப் பார்த்தான், தாயின் ஈரப் பாதங்களைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

அங்கே நிகழ்ந்தது யாது என்பதைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். இது உங்கள் வீட்டிலும் உள்ள பொருள்.

மீட்டர் பெட்டியை அடுத்துள்ள மெயின் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு வகைக் காவற் கருவிகள் இருக்கும். ஒன்று எம்.சி.பி. என்பது. முற்காலத்துப் பியூஸ் கம்பியின் வேலையைத்தான் இது செய்கிறது. பியூஸில் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் அது உருகி அறுந்து பாதையைத் துண்டிக்கும். எம்.சி.பி.யில் உருக வேண்டுவதில்லை. மிகை மின்னோட்டம் நீடித்தால், இரு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று சூட்டினால் வளைந்து சுவிட்சை விழச் செய்யும். மின்னோட்டம் திடீரென்று பன்மடங்காகப் பெருகினால், ஒரு மின்காந்தம் நொடியும் தாழாமல் அதனை இழுத்துவிடும். கம்பிகள் பழுக்கக் காய்ந்து வீடு தீப்பற்றாமல் காப்பதே இதன் பணி. இதனை மனிதனைக் காக்கும் கருவி என்று எண்ணிக்கொள்வது பிழை. 16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவைக் கடக்கும் வரையில் வாளா இருக்கும். மனித உயிருக்கோ அதில் ஐந்நூறில் ஒரு பங்கே பேரிடராகக்கூடும்.

இரண்டாவது கருவி ஆர்.சி.சி.பி. எனப்படுவது. என் மருமான் கழற்றிவிட எண்ணியது இதைத்தான். இதன் வேலையை ஓர் உவமையால் விளக்கலாம். காலையில் மேய்ச்சலுக்குப் போகும் மாடுகளைத் தொழுவத்தின் வாயிலில் நின்று எண்ணி விடுகிறான் ஓர் ஆயன். திரும்பி வரும்போதும் எண்ணுகிறான். போனவை எத்தனையோ வந்தவையும் அத்தனை எனில் அவனுக்குக் கவலை இல்லை. ஒன்று குறைந்தாலும் எங்கேயோ வேலி திறந்திருக்கிறது என்று அறிந்துகொள்வான். மின்சாரம் ஒரு கம்பியில் வீட்டுக்குள் வருகிறது. வேலை செய்து முடித்து மற்றொரு கம்பியில் திரும்புகிறது. பேஸ், நியூட்ரல் என்று நாம் வழங்குவன இவ்விரண்டுமே. இரண்டும் இக்கருவியில் உள்ள ஒரு காந்த வளையத்தினூடே செல்கின்றன. போவதும் வருவதும் சமமாயின், ஒன்று உண்டாக்கும் காந்த விளைவை மற்றொன்று ஈடு செய்துவிடும். வளையம் அமைதியாக இருக்கும். திரும்பி வருவது குறைந்தால் ஈடு கெடும். வளையத்தில் சுற்றிய மூன்றாவது கம்பிச் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். அது சுவிட்சை விழச் செய்யும். நம் வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் 30 மில்லியாம்பியர் வேறுபாட்டுக்குள் செயற்பட்டுவிடும். அதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு 7 வாட் எல்.இ.டி. விளக்கை எரிப்பதற்கு வேண்டும் மின்னோட்டமும் ஏறக்குறைய அந்த 30 மில்லியாம்பியர்தான். மனிதனுக்கு ஊறு செய்ய எவ்வளவு சிறிய மின்னோட்டம் போதும் என்பதை இதனால் உணரலாம்.

இப்போது அந்த அடுக்களைக்குத் திரும்புவோம். கிரைண்டரின் மோட்டாரில் ஈரம் புகுந்து, கம்பியின் காப்பு எங்கோ கெட்டிருந்தது. மின்சாரத்தின் ஒரு பகுதி இயந்திரத்தின் உடலுக்குக் கசிந்தது. மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளாகிய எர்த் வழியே அது தரைக்குப் போயிற்று. போனது திரும்பி வரவில்லை என்று ஆர்.சி.சி.பி. கண்டுகொண்டு வீட்டை இருளாக்கிற்று. அது தன் கடமையை மூன்று முறை செய்து காட்டியது. நாமோ அதனைப் பழுது என்று எண்ணினோம்.

இரண்டு கம்பி எக்ஸ்டென்ஷன் பெட்டியை இணைத்தபோது நிகழ்ந்தது இதனினும் கொடியது. அதில் எர்த் கம்பி இல்லை. கசிந்த மின்சாரம் போவதற்கு வழியின்றிக் கிரைண்டரின் உடலிலேயே காத்து நின்றது. கசிவு வெளியே ஓடாததனால் காவற் கருவியும் பேசாதிருந்தது. அந்த அமைதியை நலம் என்று நாங்கள் கொண்டோம். காத்து நின்ற மின்சாரத்துக்குத் தரைக்குச் செல்லும் வழியாக நீண்டது என் தங்கையின் கை.

அன்று இரவு மருமானிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். “மின்னழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடலின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்துக்கொள். மின்னோட்டம் எவ்வளவு?” என்று கேட்டேன். இத்தகைய கணக்கை அவன் பள்ளியிலேயே நூறு முறை செய்திருப்பான். 0.23 ஆம்பியர் என்று எழுதினான். 230 மில்லியாம்பியர். அதில் எட்டில் ஒரு பங்குக்கே காவற் கருவி விழித்துக்கொள்கிறது. அக்கருவி அன்று சுவரில் இருந்தமையால், அவள் தொட்டிருந்தாலும் ஓர் அதிர்ச்சியோடு பிழைத்திருக்கக்கூடும். பண்டிகை கழிந்து அது கழற்றப்பட்ட பின் தொட்டிருந்தால் 16 ஆம்பியர் எம்.சி.பி. அசைந்தும் கொடுத்திராது. அவன் அந்த விடையின் கீழே கோடு இடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.

நண்பர்களே, அவன் படிக்காதவன் அல்லன். ஒரு சந்திப்பில் புகும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்னும் கிர்க்காஃப் விதியை அவன் எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். அந்தப் பெட்டி முழுவதும் அந்த விதியின் வேலைதான். ஆனால் ஏட்டில் இருந்த விதியும் சுவரில் இருந்த பெட்டியும் அவன் மனத்தில் ஒரு நாளும் சந்தித்ததில்லை. சந்திக்க வைக்காத குற்றத்தில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

அறியாமை என்று இதனைச் சொல்வதைவிட, அறிந்ததாக எண்ணும் மயக்கம் என்று சொல்வது பொருந்தும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசன்பிளிட், கெய்ல் என்னும் இரு அறிஞர்கள் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. ஜிப், பூட்டு, கழிவறையின் நீர்த்தொட்டி போன்ற அன்றாடப் பொருள்கள் வேலை செய்யும் விதம் எவ்வளவு தெரியும் என்று தமக்குத் தாமே மதிப்பெண் இடுமாறு மாணவர்களைக் கேட்டனர். பின்னர் அதனைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதத் தொடங்கியபின் மாணவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட மதிப்பெண்ணைத் தாமே குறைத்துக்கொண்டார்கள். 2006-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா லாசன் என்னும் அறிஞர் இதுபோன்றே மிதிவண்டியைப் பற்றிச் சோதித்தார். பலர் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்துச் சங்கிலியால் பிணைத்துக் காட்டினார்கள். அப்படி ஒரு வண்டி இருந்தால் அதைத் திருப்பவே முடியாது! நீங்களும் இன்று ஒரு தாளில், வண்டியைப் பாராமல், மிதிவண்டி ஒன்றை வரைந்து பாருங்கள். பின் தெருவுக்குச் சென்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இக்காலத்து இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை என்று முதியோர் பலர் குறை கூறக் கேட்கிறோம். அது முழு உண்மை அன்று. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வால்வு வானொலி இருந்தது. பொத்தானைத் திருகினால் உடனே பாடாது. வால்வுகள் சூடேறச் சிறிது நேரம் ஆகும். பின்புற அட்டையின் துளைகள் வழியே அவை செந்நிறமாய் ஒளிர்வதைச் சிறுவர்கள் எட்டிப் பார்ப்போம். பாடாமற்போனால் எது ஒளிரவில்லை என்று முதலிற் பார்ப்பார்கள். அந்தப் பெட்டி தன் வேலையைத் தானே எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. இன்றைய கைபேசியோ பசையால் ஒட்டி மூடிய கண்ணாடிப் பலகை. அதில் அசைவது ஏதும் இல்லை. எட்டிப் பார்க்கத் துளையும் இல்லை. எங்களுக்குத் தானாகக் கிட்டிய அறிவை நீங்கள் முயன்று தேட வேண்டியிருக்கிறது. உங்கள் வேலை எங்கள் வேலையைவிடக் கடினமானது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

முயன்று தேடியவர் ஒருவரை இங்கே நினைவுகூர்வது தகும். கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டில் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பைத் தொடக்கத்திலேயே விட்டவர். இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து அத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். வாங்கியவர் அதனைப் பிரித்துப்போட்டு, மீண்டும் பூட்டி, ஒவ்வோர் உறுப்பும் எதற்கு என்று கற்றுக்கொண்டார். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவரே, 1937-ஆம் ஆண்டில் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து நம் நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார். மோட்டாருக்கும் பம்புக்கும் கிரைண்டருக்கும் பேர்பெற்ற ஊராகக் கோவை வளர்ந்தது. என் தங்கை வீட்டுக் கிரைண்டருக்கும் அவ்வூர்தான் பிறப்பிடம். பிரித்துப் பார்க்க வேண்டும் என்னும் விருப்பம் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இது ஒரு சான்று.

இவ்வளவும் பேசும் நானும் ஒரு நாள் தலைகுனிய நேர்ந்தது. அதனையும் மறைக்காமல் கூறுவதே முறை. அந்தத் தீபாவளிக்குப் பின் ஓராண்டு கழித்து, மருமானும் நானும் கொல்லிமலைக்குச் சென்றோம். அங்கே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாதி வழியில் கைபேசியில் டவர் அற்றுப்போயிற்று. படம் வெறுமையாயிற்று, ஆயினும் நாம் இருக்கும் இடத்தைக் குறிக்கும் நீலப் புள்ளி மட்டும் வளைவுக்கு வளைவு நகர்ந்துகொண்டே வந்தது. “மாமா, டவர் இல்லையே, இது எப்படி நகர்கிறது?” என்றான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்தவன் நான். “செயற்கைக்கோள்” என்ற சொல் வாயில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கைபேசி கேட்கிறது, செயற்கைக்கோள் விடை கூறுகிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அது தவறு. சொல் தெரிந்திருந்ததையே பொருள் தெரிந்ததாகக் கொண்டிருந்தேன்.

மலையிலிருந்து இறங்கியபின் இருவரும் படித்துத் தெரிந்துகொண்டோம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் வலம் வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. “நான் இன்னது, இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு” என்று அவை இடையறாது பறைசாற்றிக்கொண்டிருக்கின்றன. கைபேசி அவற்றிடம் ஒரு சொல்லும் கேட்பதில்லை. வானொலிப் பெட்டி நிலையத்தைக் கேட்பதுபோல், கேட்பது மட்டுமே செய்கிறது. வானொலி அலை நொடிக்கு ஏறக்குறைய மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும். நேர் உச்சியில் உள்ள கோளிலிருந்து வருவதற்கே ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு காலம் ஆகும். அந்தத் தாமதத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். மூன்று தொலைவுகள் தெரிந்தால் இடம் தெரியும். கைபேசியின் கடிகாரம் அத்துணைத் திருத்தமானது அன்று என்பதனால், அதன் பிழையைக் களைய நான்காவது கோளும் வேண்டும். ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் இடம் 300 மீட்டர் பிழைக்கும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி, அக்கோள்களின் கடிகாரங்கள் நம் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 38 மைக்ரோநொடி விரைந்து ஓடும். அதனைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் பல கிலோமீட்டர் வழி தவறிவிடுவோம்.

இதனை அறிந்தபின் ஒரு பயனும் கிட்டியது. டவர் அற்றுப்போனது படத்தைத்தான் தடுத்தது. இடம் காணும் ஆற்றலைத் தடுக்கவில்லை. ஆகவே மலைக்கும் காட்டுக்கும் செல்பவர்கள், படத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், டவர் இல்லாத இடத்திலும் வழி தவறமாட்டார்கள். எது எதனால் இயங்குகிறது என்று தெரிந்தவனுக்கு, ஒன்று கெட்டபோது எது இன்னும் கெடவில்லை என்பதும் தெரியும். தெரியாதவனுக்கு எல்லாம் ஒருங்கே கெட்டதாகவோ, அடுக்களையில் நாங்கள் கண்டதுபோல் எல்லாம் ஒருங்கே நன்றாக இருப்பதாகவோ தோன்றும். இரண்டாவது தோற்றமே கூடுதலான ஆபத்து உடையது.

எல்லாக் கருவிகளையும் முற்றும் கற்றல் எவர்க்கும் இயலாது. அதனை நான் உங்களிடம் கேட்கவும் இல்லை. திங்களுக்கு ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதற்குள் புகுவது எது? வெளியே வருவது எது? இது நின்றுபோனாலோ பிழைத்தாலோ யாருக்கு என்ன நேரும்? விடையைத் தாய்மொழியில், உங்கள் வீட்டில் உள்ள ஒருவருக்குப் புரியும்படி எழுதிப் பாருங்கள். எழுத முடியாமல் நிற்கும் இடத்திலேதான் நீங்கள் கற்க வேண்டியது இருக்கிறது. ஓர் எச்சரிக்கையும் கூறிவிடுகிறேன். ஆர்வத்தினால் மின் பெட்டியையோ, மின்சாரம் ஓடும் கருவியையோ திறந்துவிடாதீர்கள். அவ்வேலை பயின்ற எலக்ட்ரீசியனுக்கு உரியது. அவர் வேலை செய்யும்போது அருகில் நின்று பார்ப்பதும், இது எதற்கு என்று பணிவோடு கேட்பதும் உங்களுக்கு உரியவை. நான் அறிந்தவரையில், கேட்கும் மாணவனுக்குச் சொல்லித்தராத தொழிலாளி இல்லை.

என் மருமான் இப்போது வேலைக்குச் சென்றுவிட்டான். பண்டிகை கழிந்து வந்த எலக்ட்ரீசியன் பெட்டியைக் கழற்றவில்லை. கிரைண்டரின் மோட்டாரைச் சரி செய்துவிட்டு, எர்த்தையும் சோதித்துச் சென்றார். அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி குப்பைக்குப் போயிற்று. ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் சோதனைப் பொத்தான் என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் கருவி தானே விழ வேண்டும். விழாவிட்டால் அது உறங்கிவிட்டது என்று பொருள். மருமான் ஊருக்கு வரும்போதெல்லாம், பையை வைத்தவுடன் சென்று அதை அழுத்துகிறான். வீடு ஒரு கணம் இருள்கிறது. அடுக்களையிலிருந்து, “வந்துவிட்டாயா அப்பா?” என்று என் தங்கை கேட்கிறாள்.